கறுப்பின க்வியர் சினிமா: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

மூணு வருஷமா மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஹால்ல படம் போடறோம். எட்டு பத்து பேர் வருவாங்க. பெரும்பாலும் கறுப்பின க்வியர் ஆளுங்க எடுத்த இண்டிபெண்டன்ட் படங்கள்தான். படம் முடிஞ்சு டீ குடிக்கறப்ப புதுசா வந்தவங்க கேக்கற சந்தேகம் பாத்தா அநேகமா போன மாசம் வேற யாரோ கேட்டதாவே இருக்கும். அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன், கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

கறுப்பின க்வியர் சினிமான்னு தனியா ஏன் சொல்லணும்? கே படம்னு சொன்னா போதாதா?

போதாதுங்க. அமெரிக்காவுல 80கள்ல கே படம்னு வந்ததுல கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளைக்காரங்க. கறுப்பினத்தவர் படம்னு வந்ததுல க்வியர் ஆளு ஒண்ணு சிரிக்கறதுக்கு வருவாங்க, இல்லாட்டி வரவே மாட்டாங்க. ரெண்டு வீட்டுக்கும் சொந்தம்தான், ஆனா ரெண்டு பந்தியிலயும் இலை கிடையாது. மார்லன் ரிக்ஸ்னு ஒரு டைரக்டர், அவரைப் பத்தி கீழ நெறைய வரும், சான் ஃபிரான்சிஸ்கோவுல காஸ்ட்ரோங்கற கே ஏரியாவுக்கு எவ்வளவு ஆசையா போனாருன்னும் அங்க கடை விளம்பரம், போஸ்டர், காலண்டர் எதுலயும் தன் நிறத்துல ஒரு முகம்கூட இல்லாம தான் அங்க கண்ணுக்கே தெரியாத ஆளா இருந்ததையும் படத்துலயே சொல்றாரு. அந்த எடத்துல இருந்து பொறந்ததுதான் இந்த சினிமா.

க்வியர்ங்கறத தமிழ்ல பால்புதுமையினர்னு எழுதறாங்க, நல்ல சொல்லுதான், நான் பேச்சுல க்வியர்னே சொல்லிடறேன். தன்பாலீர்ப்பு உள்ளவங்க, திருநங்கைகள், திருநம்பிகள், இது எதுலயும் அடங்காதவங்க எல்லாரும் அதுல வந்துடுவாங்க.

இதுல பாரம்பரியம் எங்க வருது? பாரம்பரியம்னா கோயில், கலை, திருவிழா அப்படித்தானே?

குடும்பச் சொத்து மாதிரி நெனச்சுப் பாருங்க. தாத்தா விட்டுட்டுப் போனது அப்பாவுக்கு, அப்பா விட்டது பிள்ளைக்கு. ஒரு கறுப்பினக் குடும்பத்துல அம்மா பிள்ளைக்கு பாட்டு சொல்லித் தருவாங்க, சமையல் சொல்லித் தருவாங்க, சர்ச்சுக்கு கூட்டிட்டுப் போவாங்க, அடிமைக் காலத்துல கொள்ளுப்பாட்டி பட்ட பாட்டை சொல்லுவாங்க. ஆனா "உன்ன மாதிரியே ஒருத்தி 1925லயும் இருந்தா"ன்னு எந்த அம்மாவும் சொல்றதில்ல, ஏன்னா அம்மாவுக்கும் அதை யாரும் சொல்லல. அந்தச் சொத்து கைமாறவே இல்ல.

ஆனா ஆளுங்க இருந்திருக்காங்க! 1920கள்ல நியூயார்க் ஹார்லெம்ல கிளாடிஸ் பென்ட்லி ஆம்பள கோட்டு தொப்பி போட்டுக்கிட்டு பியானோ வாசிச்சு பாடி கூட்டத்தை அள்ளுனாங்க. மா ரெய்னி 1928ல ஒரு ப்ளூஸ் பாட்டுல பொண்ணுங்க மேல இருக்கற ஆசைய ஒளிக்காம பாடி ரெக்கார்டே போட்டாங்க. அப்புறம் காலம் மாறி கெடுபிடி அதிகமாகி, அதே பென்ட்லி 1952ல எபனி பத்திரிகைல நான் மறுபடி பொம்பளையா ஆயிட்டேன்னு எழுத வேண்டிய நெலமை வந்துடுச்சு. இப்படி நடுவுல அறுந்து போன இழைய தேடி எடுக்கறதுதான் இந்தப் படங்கள்ல பாதிக்கு மேல பண்ற வேலை. பாரம்பரியம்னு நான் சொல்றது அந்தத் தேடலத்தான்.

ஒரே ஒரு படம்தான் பாக்க டைம் இருக்கு, எதைப் பாக்கட்டும்?

செரில் டன்யே எடுத்த தி வாட்டர்மெலன் வுமன், 1996. யோசிக்காம சொல்லுவேன். கறுப்பின லெஸ்பியன் ஒருத்தர் டைரக்ட் பண்ண முதல் முழுநீளப் படம் அது. டன்யே லைபீரியாவுல பொறந்து ஃபிலடெல்ஃபியாவுல வளந்தவங்க, படமும் அந்த ஊர்லதான் நடக்குது.

செரில்ங்கற பேர்லயே அவங்களே நடிக்கறாங்க. வீடியோ கடையில வேலை பாக்கற பொண்ணு, டைரக்டர் ஆகணும்னு ஆசை. 1930கள்ல வந்த ஒரு பழைய படத்துல வேலைக்காரி வேஷத்துல வர்ற ஒரு கறுப்பின நடிகைய பாத்துட்டு அசந்து போயிடறா. டைட்டில்ல அந்த நடிகைக்கு பேரே போடல, வாட்டர்மெலன் வுமன்னு மட்டும் போட்டிருக்கு. யாரு இவங்கன்னு தேட ஆரம்பிக்கறா, தேடத் தேட பேரு ஃபே ரிச்சர்ட்ஸ்னு தெரியுது, அவங்களும் பொண்ணுங்களத்தான் காதலிச்சவங்கன்னு தெரியுது, அந்தப் படத்தை எடுத்த வெள்ளைக்கார பெண் டைரக்டர் கூடவே அவங்களுக்கு உறவு இருந்துச்சுன்னும் தெரியுது. நடுநடுவுல செரிலோட சொந்தக் காதல், ஃப்ரெண்டோட சண்டை, வேலை எல்லாம் ஓடும். ரொம்ப ஜாலியான படம்ங்க, வரலாறுன்னு பயந்துடாதீங்க. டன்யேவோட நிஜ அம்மாவே ஒரு சீன்ல வந்து பேசுவாங்க.

ஏன் தர்பூசணி? அதுல என்ன இருக்கு?

அடிமை முறை ஒழிஞ்சதும் விடுதலையான கறுப்பின மக்கள் நெறைய பேர் தர்பூசணி வெளைய வச்சு வித்து சொந்தமா காசு பாத்தாங்க. அது பொறுக்காம வெள்ளைக்காரப் பத்திரிகைகளும் கார்ட்டூன்களும் தர்பூசணி தின்னுக்கிட்டே சோம்பேறியா கெடக்கறவங்கன்னு அதையே கேலிப் பொருளா மாத்தி விட்டுட்டாங்க. உழைச்சுப் பொழைச்சதோட அடையாளம் வசவா ஆயிடுச்சு. அந்த வசவைத்தான் ஒரு நடிகைக்கு பேரா போட்டிருக்காங்கன்னு கதை வச்சதுலயே எவ்வளவு கோபம் இருக்கு பாருங்க.

ஃபே ரிச்சர்ட்ஸ் நிஜமாவே இருந்தாங்களா? பழைய போட்டோ எல்லாம் கிடைக்குதே?

இல்லைங்க. படம் முடியறப்ப டன்யேவே ஒரு கார்டு போட்டு இது கற்பனைன்னு சொல்லிடறாங்க, சில நேரம் நம்ம வரலாற நாமளே உருவாக்கிக்க வேண்டியிருக்குங்கற அர்த்தத்துல ஒரு வரியும் கூட வரும். எங்க ஹால்ல அந்த கார்டு வர்றப்ப ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் "ஐயோ"ன்னு சொல்லுவாங்க, அவ்வளவு நம்பிடறோம்.

போட்டோ எல்லாம் ஸோயி லெனார்டுங்கற போட்டோகிராஃபர் இந்தப் படத்துக்காகவே எடுத்தது, கறுப்பு வெள்ளைல மட்டும் 78. நடிகைங்கள வச்சு அந்தந்தக் காலத்து துணி, லைட்டிங் எல்லாம் பாத்துப் பாத்து செஞ்சு, ஓரம் கிழிஞ்சு மடிஞ்ச மாதிரி பழசாக்கி, நிஜ ஆல்பம் மாதிரியே பண்ணாங்க. இப்ப அது தனியா ஒரு கலைப் படைப்பா மியூசியத்துல இருக்கு. டன்யே முதல்ல நிஜ ஆவணங்களத்தான் தேடிப் போனாங்க, கேட்டது கெடைக்கல, கெடைச்சதுக்கு கட்டற காசும் கையில இல்ல, அதுக்கப்புறம்தான் இந்த முடிவு.

இல்லாத ஆளை வச்சு வரலாறு சொன்னா அது பொய்தானே? நாளைக்கு யாராவது இதையே நிஜம்னு சொல்லிட்டா?

எங்க ஹால்ல ரொம்ப சூடான விவாதம் இதுதான். நான் எப்படிப் பாக்கறேன்னா, ஃபே ரிச்சர்ட்ஸ்தான் கற்பனை, அவங்க நின்ன எடம் கற்பனை இல்ல. அந்தக் கால ஹாலிவுட்ல கறுப்பின நடிகைகளுக்கு வேலைக்காரி வேஷம் தவிர வேற எதுவும் கெடைக்கறதே அபூர்வம். ஹாட்டி மெக்டேனியல் 1940ல ஆஸ்கர் வாங்குனாங்க, முதல் கறுப்பினக் கலைஞர், அதுவும் வேலைக்காரி வேஷத்துக்கு, அந்த ராத்திரியும் அவங்களை கூட நடிச்சவங்களோட உக்கார விடாம சுவரோரம் தனி டேபிள் போட்டாங்க. ஆஸ்கர் வாங்குனவங்களுக்கே அந்த கதின்னா டைட்டில்ல பேரே இல்லாதவங்க வீட்டுக்குள்ள யார் கூட வாழ்ந்தாங்கன்னு எவன் எழுதி வச்சிருக்கப் போறான்? ஆவணம் இல்லைங்கறதால ஆளே இல்லன்னு ஆயிடாது, யாரு கையில பேனா இருந்துச்சுங்கறதப் பொறுத்தது அது. டன்யே அந்தக் காலி எடத்தை காலியாவே காட்டியிருந்தா யாருக்கும் வலிச்சிருக்காது. ஒரு முகம் குடுத்து, நம்மள அந்த முகத்து மேல ஆசை வைக்க வச்சு, அப்புறம் இல்லன்னு சொன்னாங்க. அதனாலதான் வலிக்குது.

இன்னொரு நுணுக்கம் கவனிங்க. ஃபேவோட கடைசி இருவது வருஷம் கூட வாழ்ந்த ஜூன் வாக்கர்னு ஒரு கறுப்பினப் பெண்மணி செரிலுக்கு ஒரு லெட்டர் எழுதுவாங்க, எதுக்கு அந்த வெள்ளைக்கார டைரக்டரை ஃபே கதையில கொண்டு வர்றேன்னு கோபமா கேட்டு. செரில் அதை மீறி வேற முடிவு எடுக்கறா. யாரோட நினைவு சரிங்கறதுல சொந்த ஆளுங்களுக்குள்ளயே சண்டை வரும்ங்கறத மறைக்காம காட்டறாங்க பாருங்க, பொய் சொல்றவங்க அந்த ரிஸ்க் எடுக்க மாட்டாங்க.

நிஜ ஆள்தான் வேணும்னா, இவோன் வெல்பன் எடுத்த டாக்குமென்டரி பாருங்க, 1999ல வந்தது, ரூத் எல்லிஸ் பத்தி. 1899ல பொறந்தவங்க, டெட்ராய்ட்ல வீட்டுலயே அச்சுக்கூடம் நடத்துனாங்க, கறுப்பின கே, லெஸ்பியன் ஆளுங்க போக வேற எடமே இல்லாத காலத்துல அவங்க வீடுதான் எல்லாரும் கூடற எடம். நூறு வயசுலயும் டான்ஸ் ஆடறாங்க. செரில் தேடுன மாதிரி ஒருத்தங்க உண்மையிலயே இருந்திருக்காங்கன்னு அதைப் பாத்துட்டு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இண்டிபெண்டன்ட்னா சின்ன பட்ஜெட், அவ்வளவுதானே?

பட்ஜெட் சின்னதுதான். வாட்டர்மெலன் வுமனுக்கு மொத்தமா 3 லட்சம் டாலர், அதுல 31,500 டாலர் அரசாங்கத்தோட கலை நிதியில இருந்து வந்தது, பத்தாததுக்கு ஸோயி லெனார்டோட போட்டோக்களை ஏலம் விட்டும் சேத்தாங்க. ஆனா எனக்கு முக்கியமா படறது காசு அளவு இல்ல, கடைசி வார்த்தை யாரோடதுங்கறதுதான். ஸ்டூடியோ படம்னா இந்த சீன் வேணாம், இந்த முடிவு ஓடாதுன்னு சொல்ல ஆள் இருப்பாங்க. இங்க அப்படிச் சொல்ல யாரும் இல்ல. அதனாலதான் இந்தப் படங்கள் கவிதை, இன்டர்வியூ, நாடகம், டான்ஸ்னு எல்லாத்தையும் கலந்து கட்டி அடிக்குது.

பிரிட்டன்ல கொஞ்சம் வேற மாதிரி. லண்டன்ல கறுப்பின இளைஞர்களும் போலீஸும் மோதிக்கிட்ட 1981 பிரிக்ஸ்டன் கலவரத்துக்கு அப்புறம், 1982ல சேனல் 4 டிவி ஆரம்பிச்சப்ப, சின்னச் சின்ன ஃபிலிம் குழுக்களுக்கு பொது நிதி கெடைச்சது. அதுல ஒண்ணு 1983ல ஐசக் ஜூலியனும் அவரு நண்பர்களும் ஆரம்பிச்ச சாங்கோஃபா. அந்தப் பேரு கானா நாட்டு அகான் மொழிச் சொல், திரும்பிப் போய் எடுத்துட்டு வான்னு அர்த்தம். நான் மேல பாரம்பரியம் பத்தி சொன்னது மொத்தமும் அந்த ஒரே சொல்லுல இருக்கு.

டங்ஸ் அன்டைட் பாத்தேன், பாதி புரியல. அது டாக்குமென்டரியா கவிதையா?

ரெண்டும்தாங்க. மார்லன் ரிக்ஸ் 1989ல வீடியோல எடுத்தது, 55 நிமிஷம். கறுப்பின கே ஆம்பளைங்க தங்களைப் பத்தி தாங்களே பேசறாங்க, அதுல பாதிக்கு மேல கவிதை, முக்கியமா எசெக்ஸ் ஹெம்ஃபில்லோட கவிதை. ஆரம்பத்துல ஒரே வார்த்தைய பல குரல்கள் மந்திரம் மாதிரி திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே வரும், அங்கயே பலபேர் மிரண்டுடறாங்க. அர்த்தம் தேடாம மொதல்ல தாளத்தைக் கேளுங்க, பறைச் சத்தத்துக்கு யாரும் அர்த்தம் கேக்கறதில்லையே, உடம்பு தானா புரிஞ்சுக்கும்.

விரல் சொடக்குப் போடறதுக்கு ஒரு பாடமே நடத்துவாங்க பாருங்க, எந்தக் கோபத்துக்கு எப்படி சொடக்கு, எந்த நக்கலுக்கு எப்படின்னு. பாக்க ஜாலியா இருக்கும், ஆனா வெளிய வாயத் தொறந்து பேச முடியாத ஒரு கூட்டம் தங்களுக்குள்ள உண்டாக்கி வச்சிருந்த மொழி அது. அதையும் சொத்துன்னுதான் ரிக்ஸ் பதிவு பண்றாரு. டைட்டிலுக்கு அர்த்தமும் கட்டவிழ்ந்த நாக்குகள்னுதான்.

அந்தப் படத்துக்கு அவ்வளவு எதிர்ப்பு ஏன்? சின்னப் படம்தானே?

1991 ஜூலைல பிபிஎஸ்ங்கற பொது டிவில பி.ஓ.வி.ங்கற தொடர்ல போட்டாங்க, அதான் பிரச்சினை. பல ஊர் ஸ்டேஷன்கள் போட மாட்டோம்னுட்டாங்க. கலை நிதியில இருந்து ரிக்ஸுக்கு கெடைச்சது வெறும் 5,000 டாலர், அதை வச்சு மக்கள் வரிப்பணத்துல ஆபாசம்னு பெரிய அரசியலே பண்ணாங்க. 1992ல பாட் புக்கானன் தன் கட்சி ஜனாதிபதி சீனியர் புஷ்ஷையே எதிர்த்து நின்னப்ப இந்தப் படத்துல இருந்து துண்டு வெட்டி தேர்தல் விளம்பரத்துல போட்டாரு. அனுமதி எல்லாம் கேக்கல. வாட்டர்மெலன் வுமனும் தப்பிக்கல, மிச்சிகன் எம்.பி. பீட்டர் ஹோக்ஸ்ட்ரா மேல சொன்ன அந்த 31,500 டாலரை கையில புடிச்சுக்கிட்டு நாடாளுமன்றத்துல சத்தம் போட்டாரு.

அதே அரசாங்கத்தோட காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படங்கள்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு. 2021ல வாட்டர்மெலன் வுமன் அதுல சேந்துச்சு, 2022ல டங்ஸ் அன்டைட் சேந்துச்சு. ரிக்ஸ் அதைப் பாக்க உயிரோட இல்ல.

எய்ட்ஸ் ஏன் இவ்வளவு வருது? சோகமாவே இருக்கே

ஏன்னா எடுத்தவங்களே செத்துக்கிட்டு இருந்தாங்க. ஜோசஃப் பீம் 1986ல கறுப்பின கே ஆம்பளைங்களோட எழுத்தை முதல் தடவையா ஒரு தொகுப்பா கொண்டு வந்தாரு, அடுத்த தொகுப்பு வேலைல இருக்கறப்பவே 1988ல போயிட்டாரு, ஹெம்ஃபில்தான் பீமோட அம்மா துணையோட அதை முடிச்சு 1991ல வெளியிட்டாரு. ரிக்ஸ் 1994 ஏப்ரல்ல, வயசு 37. ஹெம்ஃபில் 1995 நவம்பர்ல. ஒரு தலைமுறையே பத்து வருஷத்துக்குள்ள போயிடுச்சு.

ரிக்ஸோட கடைசிப் படம் ப்ளாக் இஸ் ப்ளாக் எய்ன்ட். ஆஸ்பத்திரி படுக்கையில இருந்து கேமராவப் பாத்து பேசறாரு, லூசியானா சமையலான கம்போ குழம்பை வச்சுத்தான் மொத்தப் படத்தையும் கட்டறாரு, எறா, நண்டு, கோழி எல்லாம் ஒரே சட்டியில வெந்தாலும் எதுவும் தன் ருசிய விடாதுன்னு கறுப்பினம்னா யாருங்கறதுக்கு அதுதான் பதில். பாதியிலயே இறந்துட்டாரு. கூட வேலை பாத்தவங்க அவரு விட்டுட்டுப் போன குறிப்புகளை வச்சு முடிச்சாங்க. சோகம்னு மட்டும் அதைப் பாக்காதீங்க, ஒருத்தர் கையில இருந்து விழறதை அடுத்தவர் புடிச்சிருக்காங்க.

லேங்ஸ்டன் ஹியூஸ் கே வா இல்லையா, நேரா சொல்லுங்க

நேரா சொல்ற மாதிரி அவரு எதையும் விட்டுட்டுப் போகல. 1920கள்ல ஹார்லெம்ல எழுந்த கறுப்பினக் கலை இலக்கிய அலை, ஹார்லெம் மறுமலர்ச்சின்னு சொல்றாங்களே, அதோட பெரிய கவிஞர், வாழ்நாள்ல இதைப் பத்தி வெளிப்படையா பேசல, வாழ்க்கை வரலாறு எழுதுன அர்னால்ட் ராம்பர்சாட் ஆதாரம் இல்லங்கறாரு, அதை ஒத்துக்காத ஆய்வாளர்கள் நெறைய பேர் இருக்காங்க. ஐசக் ஜூலியன் 1989ல எடுத்த லுக்கிங் ஃபார் லேங்ஸ்டன் தீர்ப்பு சொல்ற படம் இல்ல. தலைப்புலயே தேடறேன்னுதான் இருக்கு. கறுப்பு வெள்ளையில கனவு மாதிரி, 20கள்ல ஒரு ராத்திரி கிளப், சூட்டு போட்ட ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கற பார்வை, அந்த பார்வையிலயே படம் நகரும்.

ஹியூஸோட எழுத்துக்கு உரிமை வச்சிருந்த எஸ்டேட் கடுமையா எதிர்த்துச்சு. நியூயார்க் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல போட்டப்ப அவரு கவிதை வர்ற எடத்துல சவுண்டை கொறச்சிட்டாங்க. மேல சொத்துன்னு சொன்னேன்ல, சட்டப்படியே அந்தச் சொத்து யார் கையில இருக்குங்கறதும் ஒரு கேள்விதான். அதே காலத்து ஆளு ப்ரூஸ் நியூஜென்ட், அவரு ஒளிக்கல, 1926ல இருவது வயசுலயே ஆம்பள மேல வர்ற ஆசைய கதையா எழுதி ஃபயர்ங்கற பத்திரிகைல போட்டாரு. அந்தப் பத்திரிகை ஒரே இதழோட நின்னு போச்சு. ராட்னி எவான்ஸ் 2004ல எடுத்த பிரதர் டு பிரதர்ல வயசான நியூஜென்ட்டை ஒரு சின்னப் பையன் சந்திப்பான், தாத்தா பேரன் கிட்ட சொத்தைக் குடுக்கற மாதிரியே இருக்கும்.

பாரிஸ் இஸ் பர்னிங் எடுத்தது வெள்ளைக்காரங்களாமே, அப்போ பாக்கலாமா கூடாதா?

பாருங்க, ஆனா இதைத் தெரிஞ்சுக்கிட்டு பாருங்க. ஜென்னி லிவிங்ஸ்டன் க்வியர்தான், ஆனா வெள்ளைக்காரர். 80கள்ல நியூயார்க்ல கறுப்பின, லத்தீனோ ட்ரான்ஸ், கே ஆளுங்க நடத்துன பால் (ball)ங்கற போட்டி நடன உலகத்தைப் பத்தின படம். வெள்ளை அழகுக்கே பரிசு குடுக்கற போட்டிகளப் பாத்து வெறுத்துப் போய் கிரிஸ்டல் லபேஜா 70களோட தொடக்கத்துல தன் பேர்லயே ஹவுஸ்னு ஒரு குடும்பம் மாதிரியான குழு ஆரம்பிச்சாங்க, அப்படி ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஒரு மதர், வீட்டை விட்டு தொரத்தப்பட்ட பிள்ளைங்களுக்கு அவங்கதான் அம்மா. நம்ம திருநங்கை ஜமாத் மாதிரியான்னு உடனே கேப்பீங்க. தாய் மகள் உறவு கட்டிக்கறது வரைக்கும் அந்த நெனப்பு சரி, ஆனா இது வேற மண்ணுல வேற காரணத்துக்காக மொளச்சது.

கறுப்பின எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் இந்தப் படத்தை காரமா விமர்சிச்சாங்க, எடுக்கறவங்க தன் வெள்ளைப் பார்வைய மறைச்சுக்கிட்டு வேடிக்கை காட்டறாங்கன்னு. காசு விஷயத்துலயும் தகராறு வந்துச்சு, படம் லட்சக்கணக்குல வசூல் பண்ணதும் நடிச்சவங்க பங்கு கேட்டாங்க, கடைசியில சுமார் 55,000 டாலரை 13 பேருக்கு பிரிச்சுக் குடுத்தாங்க. என் கருத்து, அந்த முகங்களும் குரல்களும் வேற எங்கயும் இவ்வளவு முழுசா பதிவாகல, அதனால படம் வேணும், ஆனா கேமரா யார் கையிலங்கற கேள்விய ஒதுக்கி வச்சிட்டு பாக்க முடியாது.

டீ ரீஸ் படத்தோட டைட்டிலைப் பாத்ததும் தூக்கி வாரிப் போட்டுச்சு, அது நம்ம ஊர் சாதிப் பேராச்சே?

ஆமாங்க, 2011ல வந்த பரையாதான் நீங்க சொல்றது, இதை நான் மழுப்ப விரும்பல. பறையர்ங்கற நம்ம மக்களோட பேரைத்தான் ஐரோப்பியர்கள் எடுத்துட்டுப் போய் ஒதுக்கப்பட்டவன்னு அகராதியில ஏத்தி வச்சிட்டாங்க. பறை அடிக்கறவங்கங்கற பேரு இழிவுச் சொல்லா உலகம் பூரா சுத்துது. டீ ரீஸ் அந்த அகராதி அர்த்தத்துல வச்ச டைட்டில் அது. அமெரிக்காவுல அதைக் கேக்கறவங்களுக்கு உறுத்தாது. நமக்கு உறுத்துது, உறுத்தணும். எங்க ஹால்ல பறையர் சமூகத்துல இருந்து வர்ற ஒரு தோழர் இதைச் சொன்னதுக்கு அப்புறம் நான் டீ ரீஸோட ப்ரூக்ளின் படம்னுதான் சொல்றேன், கேள்வி இதைப் பத்தியே இருக்கறதால இங்க ஒரு தடவை பேரைச் சொல்லிட்டேன்.

படம் ரொம்ப நல்ல படம். 17 வயசு அலீகே, ராத்திரி ஃப்ரெண்டு கூட கிளப்புக்கு ஆம்பளத்தனமா டிரஸ் பண்ணிட்டுப் போயிட்டு வீட்டுக்குத் திரும்பற பஸ்ஸுலயே தொப்பிய கழட்டி தோடு மாட்டிக்கிட்டு அம்மா பாக்கற பொண்ணா மாறிடுவா. அந்த ஒரு பஸ் சீன் போதும். 2007ல ஸ்டூடன்ட் குறும்படமா எடுத்து அதையே வளத்து 2011ல சன்டான்ஸ் திரைப்பட விழாவுல போட்டாங்க, கேமராமேன் பிராட்ஃபோர்ட் யங்குக்கு அங்க விருது கெடைச்சது, கறுப்பினத் தோலை இருட்டுல இவ்வளவு அழகா லைட் பண்ணி நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

ட்ரான்ஸ் ஆளுங்க தாங்களே எடுத்த படம் இருக்கா?

இருக்கு. கோகோமோ சிட்டி, 2023. எடுத்தவங்க டி. ஸ்மித், கறுப்பின ட்ரான்ஸ் பெண், பெரிய பாடகர்களுக்கு மியூசிக் பண்ணவங்க, மாறுனதுக்கு அப்புறம் வேலை போய் நண்பர்கள் வீட்டு சோபாவுல படுத்துக்கிட்டே தானே கேமரா புடிச்சு எடுத்தது. பாலியல் தொழில் பண்ற நாலு பேர் பயமே இல்லாம பேசறாங்க, சிரிச்சுக்கிட்டே பேசறாங்க. அதுல ஒருத்தங்க கோகோ டா டால், படம் தியேட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த வருஷம் ஏப்ரல்ல அட்லான்டாவுல சுட்டுக் கொல்லப்பட்டாங்க. ஐஃபோன்ல எடுத்த டேஞ்சரின் பத்தியும் கேப்பாங்க, 2015, அதுல மாயா டெய்லர் நடிப்பு அபாரம், ஆனா டைரக்டர் வெளி ஆளுதான், முந்தின கேள்விகள்ல சொன்ன அதே யோசனையோட பாருங்க.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம், ஆப்பிரிக்காவுல கிடையவே கிடையாதுன்னு சொல்றாங்களே?

வெள்ளைக்காரன் கொண்டு வந்தது சட்டம். கென்யாவுல இயற்கைக்கு மாறான உறவுன்னு தண்டிக்கற பிரிவு 162, அது பிரிட்டிஷ்காரன் எழுதுனது. இன்னும் சொல்லணும்னா அந்தப் பகுதி பிரிட்டிஷ் பாதுகாப்புல இருந்தப்ப நம்ம இந்திய தண்டனைச் சட்டத்தைத்தான் கப்பல்ல ஏத்திக் கொண்டு போய் அங்க அமல் பண்ணாங்க. அந்தப் பழைய சட்டத்துல இருந்த நம்ம பிரிவு 377ம் அதுவும் ஒரே அச்சு.

கதையப் பாருங்க. வனூரி கஹியு எடுத்த ரஃபீக்கி, ரெண்டு நைரோபி பொண்ணுங்க காதல், ரஃபீக்கின்னா ஸ்வாஹிலில தோழி, உகாண்டா எழுத்தாளர் மோனிகா அராக் டெ ந்யேகோவோட சிறுகதையில இருந்து. 2018ல கான் விழாவுக்குப் போன முதல் கென்யப் படம், சொந்த ஊர்ல தடை. முடிவு நம்பிக்கையா இருக்கு, அதை மாத்துன்னாங்க, கஹியு மாத்தல. மேல கடைசி வார்த்தை யாரோடதுன்னு சொன்னேன்ல, இதான் அது. 2018 செப்டம்பர் 6ல நம்ம உச்ச நீதிமன்றம் 377ல இருந்து பெரியவங்க சம்மதத்தோட வச்சுக்கற உறவை விலக்குச்சு. சரியா பதினஞ்சு நாள் கழிச்சு நைரோபி உயர் நீதிமன்றம் ரஃபீக்கிய ஏழு நாளைக்கு மட்டும் ஓட்டலாம்னுச்சு, அந்த ஏழு நாளும் தியேட்டர் நெறஞ்சுது. ஆனா 2019 மே மாசம் அதே நீதிமன்றம் பிரிவு 162 செல்லும்னு சொல்லிடுச்சு. ஒரே அச்சுல வார்த்த சட்டம், ரெண்டு நாட்டுல ரெண்டு கதி.

அமெரிக்காப் பக்கமும் இது புதுசு இல்ல. வில்லியம் டார்சி ஸ்வான், மேரிலாந்துல அடிமையா பொறந்தவரு, 1880கள்ல வாஷிங்டன்ல பொம்பள டிரஸ் போட்டு ஆடற நடன விருந்துகள் நடத்துனாரு, 1888ல போலீஸ் புகுந்து கைது பண்ணுச்சு. 1896ல ஜெயில்ல போட்டப்ப ஜனாதிபதிக்கே மன்னிப்பு மனு போட்டாரு, கெடைக்கல. அவரைப் பத்தி இன்னும் யாரும் முழுப்படம் எடுத்து நான் பாக்கல, எடுக்கணும்னு ரொம்ப ஆசை.

மூன்லைட் ஆஸ்கரே வாங்கிடுச்சு, அதையும் இண்டின்னு சொல்லலாமா? டைரக்டர் கே கூட இல்லையாமே?

ஆஸ்கர் வாங்குனா இண்டி இல்லன்னு ஆயிடாது. மயாமில 25 நாள்ல, ஹாலிவுட் கணக்குல சில்லறைக் காசுல எடுத்த படம், 2017ல சிறந்த படம் விருது வாங்குச்சு, க்வியர் கதைக்கு அந்த விருது அதுதான் முதல் தடவை. பேரி ஜென்கின்ஸ் கே இல்ல, சரிதான். ஆனா மூலக்கதை எழுதுன டாரெல் ஆல்வின் மெக்ரேனி கே. ரெண்டு பேரும் லிபர்ட்டி சிட்டிங்கற அதே ஏரியாவுல வளந்தவங்க, ரெண்டு பேரோட அம்மாவும் போதைக்கு அடிமையா இருந்தவங்க. லிவிங்ஸ்டன் விஷயத்துல கேட்ட அதே கேள்விய இங்கயும் கேளுங்க, பதில் வேற மாதிரி வரும், ஏன்னா இங்க கதை கேமராவுக்குப் பின்னாடி இருக்கறவங்களுக்கும் சொந்தக் கதை.

சரி, எந்த வரிசையில பாக்கறது? வீட்டுல எல்லாரோடயும் பாக்கலாமா?

பெரும்பாலும் பெரியவங்களுக்கான படங்கள், டங்ஸ் அன்டைட்லயும் வாட்டர்மெலன் வுமன்லயும் படுக்கையறை காட்சி இருக்கு. வீட்டோட பாக்கணும்னா ரூத் எல்லிஸ் டாக்குமென்டரில ஆரம்பிங்க, எங்க அம்மா முழுசா பாத்தாங்க. அப்புறம் ரஃபீக்கி. தனியா பாக்கறவங்க மூன்லைட், டீ ரீஸ் படம், வாட்டர்மெலன் வுமன், அதுக்கப்புறம் டங்ஸ் அன்டைட், லுக்கிங் ஃபார் லேங்ஸ்டன் ரெண்டையும் ஒரே ராத்திரி, ரெண்டும் ஒரே வருஷத்துப் படம், ரெண்டுலயும் ஹெம்ஃபில் கவிதை வரும், ஒண்ணு கத்தும் இன்னொண்ணு கிசுகிசுக்கும். சப்டைட்டில் கண்டிப்பா போட்டுக்கோங்க, கவிதை காதுல தப்பிடும். ப்ளாக் இஸ் ப்ளாக் எய்ன்ட்டை மட்டும் ரிக்ஸோட மத்த படங்கள் பாக்காம பாக்காதீங்க, அந்த ஆஸ்பத்திரி படுக்கையில இருக்கறவரு முன்னாடி எப்படி ஆடுனாருன்னு தெரிஞ்சிருக்கணும்.